ஜோடிக்குருவி

விடுதியின் வரவேற்பறையில் ஒரு கரும்பலகை இருந்தது. ‘இன்று நீங்கள் காணப்போகிறவை’ என்று அதன் தலையில் பெயிண்டால் எழுதியிருக்கும். கீழே உள்ள இடத்தைத் தினமும் காலை ஆறரைக்குள் வழிகாட்டி சாக்பீஸால் நிரப்ப வேண்டும். கண்டதை எழுதச் சொன்னால் யாரும் எழுதிவிடுவார்கள். காணப்போவதை எழுத வேண்டும். “உனக்கு எதுக்கு வழிகாட்டின்னு பேர் வெச்சாங்க? ஜோசியக்காரன்னு வெச்சிருக்கலாம்,” என்பார் சமையல்காரர்.

எழுதியதில் ஒன்றாவது காலைச் சாப்பாடு முடிவதற்குள் விருந்தினர் கண்ணில் பட்டாக வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். அத்தனை வளைவுகளிலும் தலைசுற்றி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, மலையேறி வந்தவர்கள் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார்கள். மான் வந்தாலும் வரும், வராவிட்டாலும் வராது. காட்டுப்பன்றியைப் பார்க்க யாரும் அறை எடுப்பதில்லை. கரடி வந்தால் முதலில் ஓடுகிறவர் மேனேஜர்தான். கண்ணை மூடிக்கொண்டு பலகையில் எழுதக்கூடியது ஒன்றே ஒன்று. ஜோடிக்குருவி.

அது விடுதிக்காரர்கள் வைத்த பெயர். விலங்கியல் படித்த வழிகாட்டிக்கு அதன் புத்தகப் பெயர் தெரியும். ஆனால் அது யார் வாயிலும் நுழையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. பாசி நிற முதுகு, மஞ்சள் தொண்டை. ஆண் மூன்று ஒலி எழுப்பும்: குக், குக், கூ. அதன் வாலைப் பிடித்தாற்போலப் பெண் இரண்டு எழுப்பும்: வீ, யோ. நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருக்காது. கேட்கிறவருக்கு ஒரே பறவை பாடுவது போலத்தான் இருக்கும். “முதல் மூணு அந்தக் கிளையில. கடைசி ரெண்டு இந்தக் கிளையில,” என்று வழிகாட்டி விரலை நீட்டிக் காட்டும்போது வாய் பிளக்காத விருந்தினர் இல்லை. விடுதியின் விளம்பரத் தாளில் அட்டைப்படமே அந்த ஜோடிதான்.

வழிகாட்டிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. வேலை தற்காலிகம். ஊழியர் கூடத்தில் எட்டுக் கட்டில்களில் ஒன்று அவனுடையது. பருவத்தின் நடுவே ஒருமுறை முதலாளியம்மா வருவார்; வந்து பார்த்துத் தலையசைத்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்குச் சலவைக்கூடத்தின் பின்னால் இரண்டு அறை வீடு உண்டு. ஒரு வீடு காலியாகக் கிடந்தது. அவன் தினமும் அதன் பக்கமாகவே நடந்து போவான். கதவில் பூட்டு தொங்கும். சன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு சிமெண்ட் மேடையும் ஒரு ஆணியும் தெரியும். அந்த ஆணியில் அவன் மனைவி எதை மாட்டுவாள் என்று யோசித்துக்கொண்டே போவான்.

அவள் மலைக்குக் கீழே அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது நான்கு மாதம். அண்ணன் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த நடைவழியில் பாய் விரித்துப் படுப்பாள். “மாப்பிள்ளை மேகத்துல இருக்காரு. பொண்டாட்டி நம்ம நடையில இருக்கா,” என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். வழிகாட்டிக்கு வேண்டியது அந்த இரண்டு அறை. வேறு எதுவும் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். அவள் எடுத்ததும் மூன்று முறை சீழ்க்கை அடிப்பான். குக், குக், கூ. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வரும். வீ, யோ. ஜோடிக்குருவியின் பாட்டைப் பதிவு செய்து ஒருமுறை அனுப்பியிருந்தான். அதைக் கேட்டுக் கேட்டே அச்சு அசலாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

“இன்னிக்கு என்ன பாத்தீங்க?”

“ஒரு மான். அதைச் சுத்தி முப்பது கேமரா.”

“என்னை எப்ப பாப்பீங்க?”

“முதலாளியம்மா வந்து தலையாட்டட்டும்.”

“அதுவரைக்கும் அவங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்காம இருக்கணும்.”

அந்த வருஷம் சாப்பாட்டுக்கூடத்தின் பழைய சுவரை இடித்துவிட்டுத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள்ளும் காடு இருந்தது. அதே மரம், அதே வானம். பறவைகள் மோதும், தாள் பட்டைகள் ஒட்டலாம் என்று வழிகாட்டி மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

“தம்பி, கண்ணாடி இருக்கறதே தெரியக்கூடாதுன்னுதான் இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டிருக்கோம். அதுல தாள் ஒட்டறதுக்கு நான் சுவரையே விட்டு வெச்சிருப்பேனே,” என்றார் மேனேஜர்.

கண்ணாடி போட்ட ஒன்பதாம் நாள் காலையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ வேகவைத்த முட்டையைக் கீழே போட்டுவிட்டதாக நினைத்து நான்காம் மேசைக்காரர் குனிந்து தேடினார். வழிகாட்டி வெளியே ஓடினான். பெண் குருவி மல்லாந்து கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. அது மட்டும் இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் கைக்குட்டையோடு வந்தார். “மூடு, மூடு. உள்ள குழந்தைங்க சாப்பிடுது.”

கண்ணாடியில் இறக்கை விரித்த வடிவத்தில் மாவு பூசினாற்போல ஒரு தடம் இருந்தது. பணியாள் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். வழிகாட்டி குருவியைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் புதைத்தான். சமையல்காரர் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தார். “குருவியாரே, கல்வெட்டு ஒண்ணு நடட்டுமா? இல்ல, கரும்பலகையிலயே எழுதிடலாமா, ‘இன்று நீங்கள் காணப்போகாதவை’ன்னு?”

இரண்டு நாள் ஆண் குருவி மூன்று ஒலி எழுப்பிவிட்டுக் காத்திருந்தது. எழுப்பும், தலையைச் சாய்க்கும், காத்திருக்கும். மறுபடி எழுப்பும். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டது. அதற்கு வேறு வேலை இருந்தது. பட்டுப்போன மரத்தின் பொந்தில் மூன்று குஞ்சுகள். விடிந்ததிலிருந்து புழுவும் கையுமாக, சரியாகச் சொன்னால் புழுவும் வாயுமாக, போய்ப் போய் வந்தது. ஒற்றை ஆளாக இழுத்துப்பிடித்துவிடும் என்றே வழிகாட்டிக்குத் தோன்றியது. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்து, கெட்டிக்காரன் என்று வாய்விட்டே சொன்னான்.

ஆனால் பாட்டு இல்லை. புதருக்குள் வாயை மூடிக்கொண்டு இரை தேடும் பாசி நிறக் குருவி விருந்தினர் கண்ணில் படாது. மூன்று நாள் பலகையில் ‘மூடுபனி’ என்று எழுதினான்.

மேனேஜர் அழைத்தார். “மூடுபனியைக் கண்டுபிடிக்க உனக்குப் பட்டம் எதுக்குப்பா? சன்னலைத் திறந்தா எங்க நாய்க்குக்கூடத் தெரியும். இன்னும் மூணு வாரத்துல அம்மா வராங்க. அட்டையில ஜோடி இருக்கு, தோட்டத்துல இல்லைன்னா என்னைக் கேக்க மாட்டாங்க. உன்னைத்தான் கேப்பாங்க.”

அன்று சாயங்காலம் போனில் மனைவி சீழ்க்கை அடிக்கவில்லை. நடைவழியில் அண்ணியின் தங்கை குடும்பம் வந்து படுத்திருக்கிறதாம். அவளுக்குச் சமையற்கட்டில் இடம். “அடுப்பு பக்கத்துல கதகதன்னு இருக்கு, பரவால்ல,” என்றாள். 

வழிகாட்டியின் போனில் பழைய பதிவு ஒன்று இருந்தது. பெண் குருவி இருந்த கிளைக்கு நேர் கீழே நின்று எடுத்தது. அதில் ஆணின் குரலை வெட்டி எறிந்தான். பெண்ணின் இரண்டு ஒலி மட்டும் தனியாக நின்றது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் பறவைகளைப் பதிவொலி கொண்டு அழைக்கலாமா என்று கல்லூரித் தேர்வில் ஒரு கேள்வி வந்திருந்தது. கூடாது என்று நான்கு காரணங்களோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் நின்று, போனைச் சட்டைப்பைக்குள் வைத்து அழுத்தினான். வீ, யோ.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. விட்டெறிந்த கல்லாக வந்து முன்னால் இருந்த கிளையில் விழுந்தது ஆண் குருவி. அலகில் இருந்த புழுவைக் கீழே போட்டது. தொண்டை உப்ப, குக், குக், கூ. அவன் அழுத்தினான். வீ, யோ. அது இறக்கையைக் கீழே தொங்கவிட்டு நடுங்கியது. ஒரு கிளை கீழே இறங்கியது. மறுபடி மூன்று. மறுபடி இரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

“போன்ல இருந்து வந்தா என்ன, பொந்துல இருந்து வந்தா என்ன? சத்தம் சத்தம்தான்,” என்றார் மேனேஜர். முதல் முறையாக வழிகாட்டியின் தோளில் தட்டினார்.

அதன்பின் தினமும் எட்டிலிருந்து பத்து வரை அதுவே வேலை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருந்தது. “பொண்ணு எங்கங்க? குரல் மட்டும் கேக்குது, ஆளைக் காணோமே,” என்று புதுப்பெண் கேட்டாள்.

“புதருக்குள்ள இருக்குங்க. வெக்கம்.”

“குடுத்து வெச்ச குருவி,” என்றான் அவள் புருஷன். “எனக்கு ஆளும் குரலும் சேர்ந்தே வருது, அதுவும் நாள் முழுக்க.” அவள் சால்வையைச் சுருட்டி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தான்.

முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்த கேமராக்காரர் மூன்று நாள் தங்கினார். “தொண்டைக்குள்ள சிவப்பு தெரியணும் தம்பி. இன்னொரு தரம் கூப்பிடு.” கூப்பிட்டான். “கண்ணை மூடிடுச்சு. இன்னொரு தரம்.” கூப்பிட்டான். “இது நல்லா வந்திருக்கு. எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்.” அன்று எழுபது தரத்துக்கு மேல் போயிற்று. குருவிக்கு அவன் முகம் தெரியாது. சட்டைப்பைதான் தெரியும். கடைசியில் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து சட்டைப்பையையே பார்த்தது.

பத்து மணிக்கு மேலும் அது இரை தேடப் போவதில்லை. புதர் புதராக நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. பொந்துக்கு வெறும் வாயோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு, பாட்டுக் கேட்ட இடத்துக்கே திரும்பியது. ஆறாம் நாள் பட்டமரத்தின் அடியில் ஒரு குஞ்சு கிடந்தது. எறும்பு கண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தது.

வழிகாட்டி மேனேஜரிடம் போனான். “சார், குஞ்சுங்க பட்டினியில சாகுது. ஒரு பத்து நாள் நிறுத்தி வெச்சா மிச்சம் ரெண்டும் பொழைச்சுக்கும்.”

மேனேஜர் விளம்பரத் தாளை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். “இதுல குஞ்சு எங்கப்பா இருக்கு?”

அவனே ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். இலையில் பொறுக்கிய புழுக்களை இடுக்கியால் ஊட்டினான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். அவனுக்கோ விருந்தினரை நடைக்குக் கூட்டிப்போக வேண்டும், பாசி காட்ட வேண்டும், கால்தடம் காட்ட வேண்டும், வழுக்கி விழுந்தவரைத் தூக்க வேண்டும். இரண்டாவது மறுநாள் போயிற்று. மூன்றாவது ஐந்து நாள் தாக்குப்பிடித்தது. ஏணியை அவன் சாத்தும் சத்தம் கேட்டாலே வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தது. கடைசி நாள் ஏறியபோது வாய் திறந்தபடியே இருந்தது, மூடவில்லை.

இனி கூப்பிட்டால் நஷ்டம் இல்லை என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் மனசு லேசாயிற்று. அது அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

முதலாளியம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பு தொடர்மழை. விருந்தினர் அறையைவிட்டு வரவில்லை. போனுக்கு வேலை இல்லை. மழை விட்டதும் எதிர்ச்சரிவில் ஒரு குரல் கேட்டது. வீ, யோ. கொஞ்சம் கரகரத்த குரல். வழிகாட்டி தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கிருந்து வரவில்லை. பைனாகுலரை எடுத்தான். புதுப் பெண் குருவி. எங்கிருந்தோ துணை தேடி வந்திருந்தது. இரண்டு கிளை தள்ளி நம் ஆண் குருவி. பாடவில்லை. பக்கத்தில் போகவும் இல்லை. ஆனால் ஒரு புழுவைப் பிடித்து, தின்னாமல், அலகில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அது எதற்கு என்று விலங்கியல் படிக்காதவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் போனில் மனைவியிடம் சந்தோஷமாகப் பேசினான். ஏன் என்று சொல்லவில்லை. மூன்று அடித்தான், அவள் இரண்டு அடித்தாள். தொட்டிக்கு மேலே கிளை ஒன்று அசைந்தது; ஆண் குருவி வந்து இறங்கியிருந்தது.

“அங்க என்ன சத்தம்?” என்றாள்.

“காத்து,” என்றான்.

முதலாளியம்மா கைத்தடியோடு வந்தார். கூடவே தோழிகள் இரண்டு பேர். காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். கரும்பலகையில் மேனேஜரே எழுதியிருந்தார். ‘ஜோடிக்குருவி’. கீழே இரண்டு கோடு.

“எங்கப்பா உன் ஜோடி?” என்றார் முதலாளியம்மா.

எதிர்ச்சரிவில் இரண்டும் ஒரே கிளையில் இருந்தன. தோளோடு தோள் இல்லை; நடுவே ஒரு சாண். பைனாகுலரை அவரிடம் நீட்டினான். “அதோ பாருங்கம்மா. நிஜ ஜோடி. புதுசா சேருது. இன்னும் நாலு நாள்ல சேர்ந்து பாட ஆரம்பிச்சிடும்.”

அவர் பைனாகுலரை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். “எனக்குக் கண்ணு அவ்வளவு தூரம் போகாதுப்பா. நாலு நாள் இருக்கவும் முடியாது. பக்கத்துல வருமாமே?”

மேனேஜர் அவனைப் பார்த்தார். வழிகாட்டி எதிர்ச்சரிவைப் பார்த்தான். அடுப்புப் பக்கத்தில் விரித்த பாயை நினைத்தான். சன்னல் வழியே தெரிந்த ஆணியை நினைத்தான். ரொம்ப நேரம் யோசித்தான் என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் அந்த அம்மாள் கைத்தடியை மாற்றி வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. சட்டைப்பையை அழுத்தினான்.

வீ, யோ.

ஆண் குருவி கிளையில் துள்ளித் திரும்பியது. புதுப் பெண்ணும் கேட்டது. தன் பங்குக்குக் கரகரத்த குரலில் இரண்டு எழுப்பியது. அவன் மறுபடி அழுத்தினான். ஆண் குருவி புதுப் பெண்ணின் மேல் பாய்ந்தது. பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. கிளையிலிருந்து இரண்டும் உருண்டு விழுந்தன. சிறு இறகுகள் பறந்தன. ஒன்று மலைக்கு அப்பால் போயிற்று. இன்னொன்று நேராகப் பள்ளத்தைத் தாண்டி வந்து, சட்டைப்பைக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டை உப்பியது.

முதலாளியம்மா கைதட்டினார். “பாருங்கடி, என்ன பாசம்! கையில உக்காருமா?”

பதினேழு தரம் அழுத்தினான். பதினெட்டாவதற்குள் அவர் மேனேஜர் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டார். “இந்தப் பையனை விட்டுடாதீங்க.” கழுத்துச் சுளுக்கு எதுவும் இல்லை.

அந்த வாரமே மனைவி வந்தாள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு கண்ணாடி. அந்த ஆணியில் கண்ணாடியை மாட்டினாள். அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பின்கட்டுக் கொடியில் காயப்போட வேண்டும். வந்த இரண்டாம் நாள், கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே அவன் காதில் விழட்டும் என்று சீழ்க்கை அடித்தாள். வீ, யோ.

மாலையில் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. “என்னங்க! உங்க குருவி என்கிட்ட வருது! கொடிக்கம்பத்துல வந்து உக்காந்துக்கிட்டு, நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லுது.”

“கூப்பிடாத.”

“ஏன்? உங்க உத்தியோகத்துக்குப் போட்டியா?”

“அதுக்கில்ல. அதுக்குத் தொந்தரவு.”

“அதுவாத்தானே வருது? நான் என்ன கயிறு கட்டியா இழுக்கறேன்?” சிரித்தாள். “ஆமா, அதோட ஜோடி எங்க?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “பொந்துல இருக்கும். வெக்கம்,” என்றான்.

காலையில் இரண்டு மணி நேரம் அவன் போன். மற்ற நேரமெல்லாம் அவள் வாய். அண்ணன் வீட்டில் இத்தனை நாள் சத்தம் காட்டாமல் இருந்தவள் இப்போது விரிப்புக்கு ஒரு சீழ்க்கை அடித்தாள். குருவி கொடிக்கம்பத்தைவிட்டு நகரவே இல்லை. அதன் மார்பெலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருப்பதை வழிகாட்டி பார்த்தான். ஒரு இறக்கை சரியாக மடியவில்லை. பார்த்துவிட்டுக் கண்டும் காணாமல் போனான். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை என்று சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம்.

பதினோராம் நாள், மடித்து வைக்கக் கொண்டுவந்த கூடையில், இரண்டு வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே குருவி கிடந்தது. இறகு இருந்ததால்தான் அது குருவி. உள்ளே எடையே இல்லை. அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள், தண்ணீர் கேட்டு.

“தங்கச்சி, இதுக்குத் தண்ணி எதுக்கு? புருஷனும் பொண்டாட்டியும் மேல போய்ச் சேர்ந்துட்டாங்க,” என்றார் சமையல்காரர்.

“பொண்டாட்டியா? அது பொந்துல இருக்குண்ணே.”

“எந்தப் பொந்துல? அது கண்ணாடியில அடிபட்டுச் செத்து ஒண்ணரை மாசம் ஆகப்போகுது. தொட்டிக்குப் பின்னால உன் வீட்டுக்காரர்தான் அடக்கம் பண்ணாரு. அப்புறம் போன்லயே குடும்பம் நடத்த வெச்சாரு. ஊர்ல இல்லாத கெட்டிக்காரர்மா உன் புருஷன்.” சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவன் வந்தபோது அவள் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தாள். குருவி பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தது.

“குஞ்சு இருந்துச்சா?” என்றாள்.

“மூணு.”

“எங்க?”

அவன் தட்டைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள், சொல்லிவிட்டது போல.

“அது என்னைப் பாத்து வரல. செத்துப்போனவளைத் தேடி வந்திருக்கு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நாள் முழுக்க அவளாட்டம் கத்தியிருக்கேன். உங்களுக்குத் தெரியும். சோறு தின்னும்போதும் தெரியும், பக்கத்துல படுக்கும்போதும் தெரியும்.”

“உனக்காகத்தான். இந்த வீட்டுக்காக.”

“தெரியுது. அதனாலதான் இதுக்குள்ள நிக்கவே கூசுது.”

அதோடு பேச்சை நிறுத்தினாள். அன்றைக்கு மட்டும் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் மேனேஜர் வீட்டு வாசலுக்கே வந்தார். இதுவரை வராதவர். “குருவி போச்சாமே. சரி, போறது போகட்டும். அடுத்த மாசம் முழுக்க அறை நிறைஞ்சிருக்கு, அத்தனை பேரும் ஜோடிக்குருவின்னு கேட்டுத்தான் எடுத்திருக்காங்க. பாக்க முடியலைன்னா பரவால்ல, பனி மேல பழியைப் போடலாம். கேக்கவாவது வேணும். போன்ல போட்டா ரேடியோ மாதிரி இருக்கும். தங்கச்சி நல்லா விசில் அடிக்குதாமே? நீ தெற்குப் புதர்ல நில்லு, அது வடக்குப் புதர்ல நிக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “வீடு நல்லா வெச்சிருக்கீங்க. இதைக் கேட்டு நாலு பேர் கியூவுல நிக்கறாங்க.”

அவர் போனபின் வழிகாட்டி மனைவியைப் பார்த்தான். அவள் ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனால் அடுப்புப் பக்கத்துப் பாய். அதில் கொஞ்ச நாளாக அண்ணியின் தங்கை மகள் படுக்கிறாளாம்.

“எத்தனை மணிக்கு?” என்றாள்.

“எட்டு.”

இப்போதெல்லாம் கரும்பலகையில் ‘காணப்போகிறவை’க்குக் கீழே ‘கேட்கப்போகிறவை’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. எட்டு மணிக்கு வழிகாட்டி தெற்குப் புதரில் குந்துகிறான். அவள் வடக்குப் புதரில். பனியில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும். மூன்று அடித்துவிட்டுக் காத்திருப்பான். வீட்டில் அவள் அவனோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், விரிப்பை உதறுவாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அவள் வாயிலிருந்து அவனுக்கென்று வருவது அந்த இரண்டு ஒலி மட்டும்தான். அதை எப்போது தருவது என்பது அவள் கையில். சில நாள் முதல் தரத்திலேயே தந்துவிடுவாள். சில நாள் நான்கு, ஐந்து தரம் ஆகும். காத்திருக்கும்போது அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறான். அது அவனுக்குத் தெரியாது. கண்ணாடி துடைக்கிற பணியாள்தான் ஒருநாள் பார்த்துச் சமையல்காரரிடம் சொன்னாள்.

இன்று காலை பத்துத் தரம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விருந்தினர் நின்றார்கள். “பொண்ணு பிகு பண்ணுதுப்பா,” என்றான் ஒருவன். “என்ன தப்புப் பண்ணானோ,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வழிகாட்டி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு பதினோராவதை அடித்தான்.

குக், குக், கூ.

வடக்குப் புதரில் ஒரு இலைகூட அசையவில்லை. அவன் உதட்டை மறுபடி நனைத்தான்.